காற்று புரட்டின பக்கம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே முதல்ல சொல்லிடுறன், பொறகு ஆரும் சொல்லித் தெரிய வேணாம். சாய்ந்தமருதுல தரம் அஞ்சு படிப்பிக்கிற மர்ஷூதா டீச்சர்ட வகுப்புல புள்ளைகள் தண்ணி குடிக்கவும் கேக்கப் பயப்படும் எண்டு ஒரு கதை இருக்கு. அது பொய்யில்ல. பதினாலு வருஷமாப் புலமைப்பரிசில் சோதினைக்குப் புள்ளைகளைத் தயார் பண்றன். ரிசல்ட் வந்த கிழமை மெயின் ரோட்டுல தொங்குற பேனர்ல என்ட வகுப்புப் புள்ளைகள்ட முகம்தான் கூட. பேனர் அடிக்க முதல் பெற்றார் வந்து என்ட போட்டோவையும் கேப்பாங்க. நான் குடுக்கிறதில்ல. ஆனா கேக்கிறது எனக்குப் பிடிக்கும்.

அப்படிப்பட்ட எனக்குப் பொறந்தவள் அம்ஹா. ஒம்பது வயசு, நான் படிப்பிக்கிற அதே பள்ளிக்கூடத்துல தரம் நாலு. என்ட புள்ளைக்கு வாசிக்க ஏலாது. இந்த ஒரு வசனத்தைச் சொல்ல எனக்கு நாலு வருஷம் எடுத்தது. அதுக்கு முதல் நான் சொல்லிக்கொண்டு திரிஞ்ச வசனம் வேற: "அவளுக்கு எல்லாம் தெரியும், கள்ளம்."

கள்ளம் எண்டு நினைக்க எனக்குக் காரணம் இருந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்ல சொல்லுற ஜும்ஆப் பயானை ஸ்பீக்கர்ல கேட்டுட்டு அப்படியே திருப்பிச் சொல்லுவாள். அவள்ட வாப்பா றாஸிக்குக்குக் கல்முனை பஸார்ல சாரன், லுங்கி விக்கிற கடை. எந்தச் சாரன் என்ன விலை எண்டு அவருக்கு மறந்தாலும் இவளுக்கு மறக்காது. ஆனா புத்தகத்தை விரிச்சா வயித்து வலி. சொல்வதெழுதல் எண்டா தலையிடி. 'மரம்' எண்டு சொன்னா திங்கக்கிழமை சரியா எழுதுவாள், செவ்வாய்க்கிழமை 'ரமம்' எண்டு எழுதுவாள். தெரியாத புள்ளையெண்டா ரெண்டு நாளும் பிழைக்க வேணுமே? நேத்துத் தெரிஞ்சது இண்டைக்கு எப்படித் தெரியாமப் போகும்? என்ட கேள்வி அதுதான். ஒவ்வொரு நாளும் அஸர் தொழுதுட்டு அவளை முன்னால இருத்தி அந்தக் கேள்வியைக் கேப்பன். கையில கோடு போடுற மரத்து அடிமட்டம் இருக்கும்.

எத்தின தரம் அடிச்சிருப்பன் எண்டு எனக்குக் கணக்கில்ல. பிழைச்ச சொல்லுக்கு ஒண்டு எண்டு வெச்சிருந்தன். நான் அநியாயக்காரியில்ல எண்டு காட்டுறதுக்கு அப்படியொரு ஒழுங்கு.

அவள் அழமாட்டாள். அடி வாங்கிட்டு, பள்ளிக்கூடத்து வெள்ளைப் பர்தாட முனையை வாய்க்குள்ள வெச்சுச் சப்புவாள். பின்னேரம் கழட்டினா அந்த முனை ஈரமா இருக்கும், நூல் கிளம்பியிருக்கும். புதுப் பர்தா வாங்கிக் குடுத்தன். அதையும் சப்பினாள். றாஸிக் ரெண்டு மூணு தரம், "விடு புள்ள, சின்னப் புள்ளதானே" எண்டு சொல்லிப் பாத்தார். "நீங்க சாரனைப் பாருங்க, படிப்பை நான் பாக்கிறன்" எண்டன். மனிசன் கடைக்குப் போய்ட்டார்.

கள்ளம் எண்டதுக்கு என்னட்டப் பெரிய சாட்சி ஒண்டு இருந்தது. அம்ஹா வடிவா ஓதுவாள். எங்கட ஒழுங்கைக்குள்ளதான் முகைதீன்பாவா மௌலவிட குர்ஆன் மத்ரஸா. அவளோட சேந்த புள்ளைகள் குர்ஆன்ட முப்பது ஜுஸ்உப் பாகத்துல பத்தாவதுல தடக்கிக்கொண்டு நிக்கக்குள்ள இவள் முப்பதையும் முடிக்கப் போறாள். வீட்டுல மஃரிப் தொழுகைக்குப் பொறகு குர்ஆனை விரிச்சு, எழுத்துக்குக் கீழ விரலை வெச்சு, நிறுத்துற இடத்துல நிறுத்தி, இழுக்கிற இடத்துல இழுத்து ஓதுவாள். கேக்க நெஞ்சு குளிரும். அடுத்த நிமிஷம் எனக்குக் கோவம் வரும். வலப்பக்கத்துல இருந்து ஓடுற அந்த எழுத்தை இப்படி ஓதுற புள்ளைக்கு, வீட்டுல கதைக்கிற தமிழை வாசிக்க ஏலாதா?

அந்த வருஷம் அம்ஹாட வகுப்புக்குச் சுஜித்தா எண்டு ஒரு டீச்சர் வந்தா. பாண்டிருப்புப் புள்ள, முப்பது வயசு இருக்கும், விசேட கல்வி படிச்சுட்டு வந்தவ. ஆடி மாசம் ஒரு நாள் இடைவேளை நேரம் என்ட மேசைக்குப் பக்கத்துல கதிரையை இழுத்துப் போட்டா.

"டீச்சர், அம்ஹாவப் பத்திக் கொஞ்சம் கதைக்க வேணும். கோவிக்கப்படா."

கோவிக்கப்படா எண்டு ஆரும் தொடங்கினா எனக்கு அந்த இடத்துலேயே கோவம் வந்துடும்.

"புள்ள நல்ல கெட்டிக்காரி" எண்டா. "வாயால கேட்டா எல்லாத்துக்கும் மறுமொழி சொல்லுறா. எழுத்தைப் பாத்தா மட்டும் ஏலுதில்ல. இது டிஸ்லெக்ஸியா மாதிரி இருக்கு டீச்சர். சோம்பலில்ல, புத்திக் குறைவுமில்ல. சில புள்ளைகளுக்கு எழுத்தும் அதுட சத்தமும் மனசுல ஒண்டா ஒட்டுறதுக்குக் கூடக் காலம் எடுக்கும். வேற மாதிரிப் படிப்பிக்க வேணும்."

பேக்குக்குள்ள இருந்து ஒரு படிவத்தை எடுத்தா. ரெண்டு பக்கம். பெற்றார் நிரப்பிக் கையெழுத்து வெச்சா வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பலாம், அங்கயிருந்து டொக்டரிட்டக் காட்டச் சொல்லுவாங்க, அடுத்த வருஷம் புலமைப்பரிசிலுக்கு மேலதிக நேரம் கேட்டுப் பாக்கலாம் எண்டா. மாச முடிவு வெள்ளிக்கிழமைக்குள்ள வேணுமாம். தவறினா அடுத்த வருஷம் மத்தப் புள்ளைகளோட புள்ளையா இருந்து எழுத வேண்டியதுதான்.

படிவத்துட தலையில 'விசேட தேவையுடைய பிள்ளை' எண்டு கொட்டை எழுத்துல அடிச்சிருந்தது. பக்கத்து மேசையில ரெண்டு டீச்சர்மார் சாப்பிடுறதை நிப்பாட்டிட்டு இருந்ததை நான் கண்டன்.

"சுஜித்தா, உங்களுக்கு அரபு தெரியுமா?"

"தெரியாது டீச்சர்."

"என்ட புள்ளைக்குத் தெரியும். முழுக் குர்ஆனையும் ஓதி முடிச்சிட்டாள். வாற சனிக்கிழமை எங்கட வீட்டுல தமாம். நீங்க வாங்க. வந்து கண்ணால பாருங்க. பொறகு உங்கட டிஸ்லெக்ஸியாவைக் கதைப்பம்."

"வாறன் டீச்சர்" எண்டுட்டு, படிவத்தை என்ட கொப்பிக்கு அடியில வெச்சுட்டுப் போனா.

எங்கட ஊர்ல ஒரு புள்ள முதல் தரம் குர்ஆனை முழுசா ஓதி முடிச்சா தமாம் வைப்பம். சொந்தக்காரரைக் கூப்பிட்டு, புள்ளைய எல்லாருக்கும் முன்னால ஓத வெச்சு, ஓதித் தந்தவருக்கு உடுப்பு வெச்சுக் குடுத்து, சாப்பாடும் குடுப்பம். வழமையாக் குர்ஆன்ட கடைசியில வாற சின்னச் சூறாக்களை, அத்தியாயங்களைத்தான் ஓத வைக்கிறது. அதுகளைப் புள்ளைகள் பாக்காமலேயே ஓதும். எனக்கு அது போதாமப் போச்சு. சூறா யாஸீனை, குர்ஆனைப் பாத்து, விரல் வெச்சு ஓத வேணும் எண்டு மௌலவிட்டச் சொல்லியனுப்பினன். "சின்னச் சூறா போதும் எண்டு டீச்சர்ட்டச் சொல்லுங்க" எண்டு றாஸிக்கிட்டச் சொல்லிவிட்டார். நான் திரும்பவும் சொல்லியனுப்பினன். ரெண்டாந்தரமும் அவர் அதையேதான் சொன்னார். ஏன் இந்த மனிசன் என்ட புள்ளைட கெட்டித்தனத்தை மறைக்கப் பாக்கிறார் எண்டு நினைச்சன். மூணாந்தரம், "டீச்சர்ட விருப்பம்" எண்டார்.

சனிக்கிழமை காலம்பற சரியான வெக்கை. ஹோல்ல பாய் விரிச்சு வெள்ளைத் துணி போட்டு, நடுவுல மடக்குப் பலகையில குர்ஆனை வெச்சம். ஆம்பிளைகள் சுத்தி இருந்தாங்க. பொம்பிளைகள் நாங்க அறை வாசல்ல, திரைக்கு இந்தப் பக்கம். சுஜித்தா சாரி உடுத்து, கலர்ப் பென்சில் பெட்டி ஒண்டு வாங்கிக்கொண்டு நேரத்துக்கே வந்துட்டா. அவவை எனக்குப் பக்கத்துல, எல்லாம் நல்லாத் தெரியுற இடத்துல இருத்தினன். நான் வேணுமெண்டுதான் இருத்தினன்.

அம்ஹா பச்சை உடுப்போட வந்து குர்ஆனுக்கு முன்னால இருந்தாள். மௌலவி சன்னமா முதல் வசனத்தை எடுத்துக் குடுத்தார். அவள் பிடிச்சுக்கொண்டாள். அந்தக் குரலுக்கு ஹோல் அடங்கிப் போச்சு. மௌலவி கண்ணை மூடிட்டார், மத்தவங்க தலையைக் குனிஞ்சு கேட்டாங்க. நான் சுஜித்தாட முகத்தைப் பாத்தன். அவ புள்ளைட விரலைப் பாத்துக்கொண்டு இருந்தா.

புள்ளைட நெத்தியில வேர்வை வடிஞ்சுது. பக்கத்து வீட்டுல வாங்கின ஸ்டேன்ட் பேன் ஒண்டு வாசலோட நிண்டது. நான் அதைக் கொஞ்சம் திருப்பிவிட்டன். காத்து நேரா அவள் பக்கம் போச்சு. குர்ஆன்ட பக்கம் எழும்பிச்சு. அவள் விரலை எடுத்தாள். ஒண்டு, ரெண்டு, மூணு, நாலு பக்கம் படபடவெண்டு பிரண்டு போய் விழுந்திச்சு. அவள் உள்ளங்கையால அமத்தினாள். அமத்தினது புதுப் பக்கத்தை. அதுல மேல் வரியில விரலை வெச்சாள்.

குரல் நிக்கவேயில்ல. யாஸீன் யாஸீனாவே போய்க்கொண்டு இருந்தது. விரல் வேற எதோ சூறாக்குக் கீழ, வலத்துல இருந்து இடத்துக்கு, ஒழுங்கா, பொறுமையா ஓடிச்சு. வரி முடிய அடுத்த வரிக்கு இறங்கிச்சு.

"மாஷா அல்லாஹ், பாருங்களன் புள்ள ஓதுற வடிவை" எண்டா எனக்குப் பின்னால இருந்த மதினி றுஸ்தா, றாஸிக்குட மூத்த ராத்தா.

சுஜித்தாக்கு அரபு தெரியாது. ஆனா பக்கம் பிரண்டதைப் பாக்க அரபு தெரியத் தேவையில்ல. அவ என்னைத் திரும்பிப் பாத்தா. பாத்துட்டு, உடனே தலையைக் குனிஞ்சு மடியில இருந்த கலர்ப் பெட்டிட நாடாவைச் சரி பண்ணினா. அந்த நேரம் அவ சிரிச்சிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும். அவ சிரிக்கல்ல. அதுக்காகவே எனக்கு அவவைப் பிடிக்காமப் போச்சு.

சாப்பாடு முடிஞ்சு, மௌலவிட கையில உடுப்புப் பார்சலைக் குடுக்கக்குள்ள கேட்டன். மெல்லமாத்தான் கேட்டன்.

"ஹஸ்ரத், பக்கம் பிரண்டது."

"கேட்டிச்சு டீச்சர்" எண்டார். கண்ணை மூடிக்கொண்டு இருந்தாலும் கடதாசிச் சத்தம் கேக்கும்தானே.

"இவளுக்கு எழுத்துத் தெரியாதா?"

"கொஞ்சம் தெரியும். கூட்டி வாசிக்கத் தெரியாது. நான் ஒரு தரம் ஓதிக் காட்டினா ரெண்டாந்தரம் அப்படியே திருப்பி ஓதும். எழுத்தைக் காட்டிக் கேட்டா அழும். அதனால கேக்கிறதை விட்டுட்டன். முப்பது ஜுஸ்உம் காதாலதான் போச்சு. எவ்வளவு பெரிய காரியம்!"

"எப்பயிருந்து தெரியும் உங்களுக்கு?"

"மூணு வருஷமா."

"என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

அவர் பார்சலை ஒரு கையில இருந்து மத்தக் கைக்கு மாத்தினார். "நீங்க டீச்சர்தானே, தெரியாம இருக்குமா எண்டு நினைச்சன். பொறகு ஒரு நாள் உங்கட மகள்தான் என்னட்ட வாக்கு வாங்கினா. உம்மாட்டச் சொல்லிடாதீங்க, பொறகு ஓதுறதும் கள்ளம் எண்டு அடிப்பா எண்டா."

அவர் போய்ட்டார். நான் வாசல்ல நிண்டன். வெக்கமா இருந்தது. ஊரு பாக்கிற வெக்கம் இல்ல, அது எனக்குப் பழக்கம். இது வேற.

அம்ஹா கிணத்தடியில கல்லுல இருந்தாள். புது உடுப்பு நனையாம மடிச்சு முழங்காலுக்குள்ள செருகியிருந்தாள். நான் பக்கத்துல போய் இருந்தன்.

"மகள், நாலு பக்கம் பிரண்டது உனக்குத் தெரியல்லயா?"

"காத்துல பிரண்டிச்சு. தெரியும்."

"பொறகு ஏன் திருப்பிப் போடல்ல?"

"எதுக்குப் போடுறது உம்மா? எல்லாப் பக்கமும் ஒரு மாதிரித்தானே."

"விரலை எப்படி வைக்கிற?"

அவள் காத்துல விரலை ஓட்டிக் காட்டினாள். "ஒரு வரிக்கு எவ்வளவு நேரம் எண்டு தெரியும். மூச்சு விடுற இடத்துல கீழ இறக்குவன். ஹிமாயாட விரலைப் பாத்துத்தான் பழகினன்." ஹிமாயா மத்ரஸாவுல அவளுக்குப் பக்கத்துல இருக்கிற புள்ள.

நான் அவள்ட விரலையே பாத்துக்கொண்டு இருந்ததை அவள் வேற மாதிரி விளங்கிட்டாள். எழும்பி உள்ளுக்குப் போனாள். திரும்பி வரக்குள்ள கையில அடிமட்டம். என்ட மடியில வெச்சுட்டு, இடது கையை நீட்டினாள்.

நான் அழல்ல. அடிமட்டத்தைக் கிணத்துக்குள்ள எறிஞ்சன். அது மரம், மிதந்திச்சு. றாஸிக் பொறகு வாளியால அள்ளி எடுத்தார்.

திங்கக்கிழமை நான் சுஜித்தாட்டப் போனன். "ஓம், நீங்க சொன்னது சரி" எண்டன். புள்ளைய வகுப்புக்கு முன்னால நிப்பாட்டி வாசிக்க வைக்கிறதை அவ எப்பவோ விட்டுட்டா எண்டு அண்டைக்குத்தான் எனக்குத் தெரியும். கேள்விக்கு வாயால மறுமொழி எடுத்து அவவே புள்ளி போடுறாவாம். வீட்டுல செய்யுறதுக்கும் சொல்லித் தந்தா. ஒரு நாளைக்கு ஒரு எழுத்து. மண்ணுல பெரிசா விரலால எழுத வேணும், எழுதக்குள்ள அதுட சத்தத்தை வாயால சொல்ல வேணும். வாசிக்கக்குள்ள மத்த வரிகளை மறைச்சு ஒரு வரியை மட்டும் காட்ட வேணும். கால் மணித்தியாலத்துக்கு மேல போகப்படா. "நாளைக்கு மறந்தாலும் ஏசப்படா டீச்சர். நேத்துத் தெரிஞ்சது இண்டைக்குத் தெரியாமப் போறதுதான் இதுட குணம்" எண்டா. நான் நாலு வருஷமாக் கேட்ட கேள்விக்கு மறுமொழி அது. ஒரு வசனம்.

அண்டைக்கு என்ட வகுப்புக்குள்ள போய் நிண்டு புள்ளைகள் இருக்கிற கடைசி வாங்கைப் பாத்தன். ஒவ்வொரு வருஷமும் அதுல நாலஞ்சு பேர் இருப்பாங்க. சோதினைக்குக் கிட்டவா அவங்கட உம்மாமாரைக் கூப்பிட்டு, "இவரை அண்டைக்கு வீட்டுல வெச்சுக்கொள்ளுங்க" எண்டு சொல்லுவன். என்ட பாஸ் வீதம் குறையப்படாதே. போன வருஷம் ஸம்றா எண்டு ஒரு புள்ள. அழகாப் பாடும், கணக்கை வாயாலேயே செய்யும். எழுத்து மண்டைக்குள்ள ஏறாது, தையலுக்குப் போடுங்க எண்டு அதுட உம்மாட்டச் சொன்னது நான்தான். அந்த உம்மா எனக்கு நன்றி சொல்லிட்டுப் போனா.

றாஸிக் சைக்கிள்ல போய் ஒரு பேக்குக் கடல் மண் கொண்டு வந்தார். தமாமுக்குச் சோறு போட்ட பெரிய ஸஹன்ல அதைப் பரப்பினம். அஸருக்குப் பொறகு அம்ஹா மண்ணுல எழுதினாள். முதல் நாள் 'ம'. அடுத்த நாள் 'ட'. மூணாம் நாள் 'ஓ'. 'ஓ'ட சுழி எந்தப் பக்கம் எண்டு அவளுக்கு மாறி மாறி வந்தது. இருவது தரம் எழுதி அழிச்சாள். எனக்குக் கை துறுதுறுத்திச்சு. ரெண்டு கையையும் மடிக்குள்ள வெச்சுக்கொண்டு இருந்தன்.

வரியை மறைக்க அடிமட்டத்தை வைக்கலாம் எண்டு எடுத்தன். காய்ஞ்சு கொஞ்சம் வளைஞ்சிருந்தது. அவள் பின்னுக்குப் போனாள். "அது வேணாம் உம்மா." நான் அடிக்க எடுக்கல்ல எண்டு சொன்னன். "தெரியும்" எண்டாள். ஆனா கிட்ட வரல்ல. பொறகு ஒரு கலியாண அழைப்புக் காட்டை வெட்டி, நடுவுல ஒரு வரி தெரியுற மாதிரி ஓட்டை போட்டு எடுத்தம்.

இவ்வளவும் செய்தன். படிவத்தை மட்டும் அல்மாரிக்குள்ள உடுப்புக்கு அடியில வெச்சிருந்தன். வீட்டுக்குள்ள எண்டா என்னவும் செய்வன், கடதாசியில வேணாம். பள்ளிக்கூடத்துல ஒரு பேர் எழுதினா அது மெயின் ரோட்டுக்கு வர ஒரு நாள் போதும். மர்ஷூதா டீச்சர்ட மகளுக்கு வாசிக்கத் தெரியாதாமே! இதைக் கேக்கத்தான் ஊருல எத்தினை பேர் காத்துக்கொண்டு இருக்காங்க. மதினி றுஸ்தாக்கு றாஸிக் சொல்லியிருக்கார். அவ புதன்கிழமை வந்து நேராவே கேட்டா.

"பொம்பிளப் புள்ளடி. விசேட தேவை எண்டு எழுதிக் குடுத்தா, நாளைக்கு வீடு வளவு எல்லாம் எழுதிக் குடுத்தாலும் ஆரு கலியாணம் கேட்டு வருவான்?"

"அவளுக்கு ஒம்பது வயசு மதினி."

"வயசு நிக்குமா?"

அவவை ஏசி அனுப்பினன். ஆனா அவ சொன்னது என்ட வாய்க்குள்ள இருந்த கதைதான். அதனாலதான் அவ்வளவு கோவம் வந்தது. றாஸிக், "நான் கையெழுத்து வைக்கட்டா?" எண்டு கேட்டார். "வேணாம்" எண்டன்.

வியாழக்கிழமை பின்னேரம். அடுத்த நாள்தான் கடைசி நாள். நான் குசினிக்குள்ள நிண்டன். அம்ஹா துவாய் எடுக்க அல்மாரியைத் திறந்தவள், படிவத்தோட வந்தாள்.

"உம்மா, இது என்ன? மேல என்ட பேர் மாதிரி இருக்கு."

சுஜித்தா பேரை எழுதித்தான் தந்திருந்தா. தன்ட பேரை மட்டும் அவள் கண்டு பிடிப்பாள்.

"ஒண்டுமில்ல, வை."

"வாசிச்சுக் காட்டுங்களன்."

வாசிச்சுக் காட்டச் சொல்லி அந்தப் புள்ள என்னட்டக் கேட்டது அதுதான் முதல் தரம். அதுக்கு முதல் அவளுக்கு அந்தத் துணிவு வந்திருக்காது. அடுப்பை அணைச்சுட்டு மேசைக்கு வந்தன். பேனையை எடுத்தன். கையெழுத்து வைப்பன் எண்டு அப்பவும் முடிவு எடுக்கல்ல. சும்மா வாசிப்பம் எண்டுதான்.

"பிள்ளை வாசிப்பதைத் தவிர்க்க முயல்கிறதா?"

"ஓம்" எண்டாள். "எழுதுங்க."

எழுதினன்.

"வாசிக்கும் நேரங்களில் உடல் நோவு இருப்பதாகக் கூறுகிறதா?"

"ஓம். வயித்துக்குள்ள. ஆனா அது கள்ள நோவு இல்ல உம்மா. மெய்யா நோகும்."

எழுதினன்.

"பிள்ளை விருப்பத்துடன் செய்யும் விடயங்கள் எவை?"

"ஓதுறது." கொஞ்சம் யோசிச்சாள். "பாக்காம ஓதுறது எண்டு எழுதலாமா? அதுக்கு ஏசுவாங்களா?"

"ஏசமாட்டாங்க."

"அப்ப எழுதுங்க."

"இந்நிலையை முதன்முதலில் அவதானித்தவர் யார்?"

"மௌலவி" எண்டாள், நிண்டு பாக்காம. "பொறகு ஹிமாயா. பொறகு சுஜித்தா டீச்சர்."

மூணு பேரையும் எழுதினன். அதுக்கு மேல அந்த வரியில இடம் இல்ல. இடம் இருந்தாலும் என்ட பேரை எழுத ஏலாது.

ரெண்டாம் பக்கத்தைத் திருப்பினன். கடைசிக் கேள்வியை முதல்ல கண்ணால வாசிச்சுட்டன். அதனால வாயால வாசிக்கக் கொஞ்சம் நேரம் போச்சு.

"என்ன உம்மா, நிப்பாட்டிட்டீங்க?"

"வாசிக்காமைக்காகப் பிள்ளை வீட்டில் தண்டிக்கப்படுகிறதா?"

அவள் பர்தா முனையைத் தேடினாள். வீட்டு உடுப்புல பர்தா இல்ல. விரலை வாய்க்குள்ள வெச்சாள்.

"தண்டிக்க எண்டா அடிக்கிறதா?"

"ஓம்."

"இல்ல எண்டு எழுதுங்க உம்மா."

"ஏன்?"

"சுஜித்தா டீச்சர் வாசிப்பாதானே. பொறகு எல்லாரும் உங்களை ஏசுவாங்க."

நாலு வருஷம் அடி வாங்கின புள்ள, மேசைக்கு அந்தப் பக்கம் நிண்டுகொண்டு என்னைக் காப்பாத்தப் பாக்குது.

நான் எழுதினன். அவள் எக்கிப் பாத்தாள்.

"இல்ல எண்டு போட்டீங்களா?"

அவளுக்கு வாசிக்க ஏலாது. போட்டுட்டன் எண்டு நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பாள், சந்தோசமா விளையாடப் போயிருப்பாள். நான் அவள்ட கையைப் பிடிச்சு இஞ்சால இழுத்தன். விரலை எடுத்து, நான் எழுதினதுக்குக் கீழ வெச்சன்.

"நீயே பார். மண்ணுல எழுதின எழுத்துத்தான். இது என்ன?"

கன நேரம் பாத்தாள். வாயைக் குவிச்சாள். "ஓ."

"இது?"

"ம... ம்."

"சேத்துச் சொல்லு."

"ஓம்" எண்டு வாசிச்சாள். வாசிச்சுட்டு விரலை எடுக்காம என்ட முகத்தைப் பாத்தாள்.

"ஓம்" எண்டன் நானும். அவள்ட விரலுக்குக் கீழ இருந்த வெறும் கோட்டுல என்ட பேரை முழுசா எழுதிக் கையெழுத்து வெச்சன்.